கல்யாண மண்டபத்தில் நீலத் திரை

"மையத்தின் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் மென்மையாகப் பேசும் இயல்பினர். விதிமுறைகளிலிருந்து அணுவளவும் வழுவாதவர். தேர்வுக் கணினிகளை அந்நியர் எவரும் நெருங்காவண்ணம் காப்பவர். கடவுச்சொல்லை எச்சூழ்நிலையிலும் எவரிடத்தும் வெளியிடாதவர்."

செம்பூரில் காசிராஜன் நடத்தும் ஆன்லைன் பரீட்சை மையத்திலிருந்து தேர்வு வாரியத்துக்குப் போன விண்ணப்பத்தில், கோகிலவாணியைப் பற்றி இப்படித்தான் இருந்தது. எழுதிக் கொடுத்தவர் மாட்டுங்கா ஆடிட்டர் ஒருவர். அவர் கோகிலவாணியைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டாம், போனில் ஒரு தடவை பேசியிருந்தாலே முதல் வரியை அடித்திருப்பார்.

காசிராஜனுக்குத் தாராவியில் மளிகை மொத்த வியாபாரம். செம்பூரில் ஒரு கட்டட மாடியில் கல்யாண மண்டபமும் வைத்திருந்தார். கல்யாணங்கள் ஏசி வைத்த பெரிய ஹால்களுக்குப் போய்விடவே, பந்தி போட்ட இடத்தில் கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்துப் பரீட்சை மையமாக்கினார். மணமேடையை இடிக்க மனம் வரவில்லை. அதில் சர்வரையும் கோகிலவாணியையும் உட்காரவைத்தார்.

தாராவிப் பெண் அவள். கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவள். மெஷினைத் திட்டிக்கொண்டேதான் வேலை பார்ப்பாள். திட்டாத நாளில் ஏதோ பெரிய கோளாறு என்று அர்த்தம். ஊரார் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் காவலாக இருக்கிறவள், தன் செல்போனில் பேங்க் ஆப் எதையும் ஏற்றமாட்டாள். "எப்படி ஒடையும்னு தெரிஞ்சவ எப்படி அண்ணாச்சி நம்புவா?" என்பாள். எதையும் நம்பாத ஒருத்தியை நம்பித்தான் மையம் நடந்தது.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாதுகாப்புக்காக எந்த அப்டேட் வந்தாலும் முதலில் ஒரே ஒரு மெஷினில் போடுவாள். ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பாள். பிறகுதான் மற்றவற்றில் போடுவாள். அந்த ஒரு மெஷின், காசிராஜனுடைய சொந்த மெஷின். முருகன் படத்தையும் ஷேர் மார்க்கெட்டையும் தவிர அதில் அவர் எதுவும் பார்ப்பதில்லை என்பதால், கெட்டுப்போனால் நஷ்டமில்லை என்பது அவள் கணக்கு. முதலாளிக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை.

"ஊர்ல வந்த நோவெல்லாம் எம் மெஷினுக்குத்தான் மொதல்ல வரணுமா? போன தடவ நீ போட்டதுல பிரிண்டர் இன்னும் வாயத் தொறக்கல. இனிமே எம் மெஷின் பக்கம் வந்தே, தெரியும்."

"அப்போ எதுல போட்டுப் பாக்க?"

"பாக்க என்ன இருக்கு? பெரிய கம்பெனிக்காரன் பாத்துதான் அனுப்புவான். நேரா எல்லாத்துலயும் போடு. என்னுத விட்டுட்டு."

"சொல்லிட்டேன் அண்ணாச்சி. பொறவு என்னைக் கேக்கப்படாது."

அடுத்த பரீட்சை, ஓர் அரசுத் துறை எழுத்தர் வேலைக்கு. புதிய அப்டேட் இல்லாத மெஷினில் பரீட்சை நடத்தக் கூடாதென்பது வாரியத்தின் உத்தரவு. அப்டேட் பரீட்சையன்று காலையில்தான் வந்தது. அண்ணாச்சி மெஷினை விட்டுவிட்டு எல்லாவற்றிலும் போட்டாள் கோகிலவாணி.

பரீட்சை எழுத வந்தவர்கள் இடம் தேடி உட்கார்ந்து கொண்டிருந்தபோது, முதல் வரிசையில் ஒரு திரை நீலமாயிற்று. பிறகு அதன் பக்கத்துத் திரை. பிறகு வரிசை. மூச்சு விட்டு முடிப்பதற்குள் மண்டபமே நீலம். ஒவ்வொரு மெஷினும் ஒன்று மாற்றி ஒன்றாக, கோளாறு என்று எழுதிக் காட்டி மன்னிப்புக் கேட்டது, அணைந்தது, எழுந்தது, மறுபடி மன்னிப்புக் கேட்டது. ஒரு சத்தமில்லை, ஒரு புகையில்லை. முன்பு இதே இடத்தில் சமையல்கட்டில் தீப்பிடித்ததையும், தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை ஓடியதையும் பார்த்தவர் காசிராஜன். இப்படி அமைதியாக ஒன்று கவிழ்ந்து அவர் பார்த்ததில்லை. ஆச்சரியத்தில் பயப்படக்கூட மறந்து நின்றார்.

கோகிலவாணி திட்டவில்லை. அதைக் கவனித்த பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது.

வாரியத்தின் பார்வையாளர் நகுல், மராட்டிக்காரர், கைக்கடிகாரத்தைத் தட்டினார். இந்தியில் சொன்னார்: "பெல் அடிக்கும்போது மெஷின் ஓடணும். இல்லாவிட்டால் கேன்சல். அடுத்த மாதம் வேறு தேதி."

மேடைக்கு எதிரே முதல் இடத்தில் இருந்தவள் ஜான்சி. நிறைமாதம். கீழே மாமியார் குடையோடு காத்திருந்தாள்.

"யக்கா, அடுத்த மாசம் எனக்கு ஆஸ்பத்திரில தேதி குடுத்திருக்கு. எனக்கு வயசும் இந்தத் தடவையோட முடியுது."

"அடுத்த மாசம் புள்ளயப் பெறு. இன்னைக்குப் பரீட்ச எழுது. பேசாம உக்காரு."

சொல்லிவிட்டுக் கோகிலவாணி நேரே காசிராஜனின் அறைக்குப் போனாள். கட்டடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரே மெஷின் அவருடையதுதான். காசிராஜன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அதில் தேடிப் பார்த்தால், அப்டேட் அனுப்பிய கம்பெனிக்காரர்களே அறிவித்திருந்தார்கள்: ஒரே ஒரு ஃபைலில் கோளாறு. மெஷினைக் குறைந்தபட்ச நிலையில் எழுப்பி, அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போய், அதை அழித்துவிட்டால் போதும். ஆனால் ஒவ்வொரு மெஷினுக்கும் ஆள் போய்க் கையால்தான் செய்ய வேண்டும்.

"எத்தன கை இருக்கு நம்மகிட்ட?" என்றார் காசிராஜன்.

கோகிலவாணி கதவு வழியே மண்டபத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு மெஷினுக்கும் முன்னால் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இவர்கள் கையாலேயே செய்ய வைக்கிறேன் என்று அவள் போய்ச் சொன்னதும், நகுல் தலையை வேகமாக ஆட்டினார். "நஹி மேடம். பெல்லுக்கு முன்னால் கேண்டிடேட் கீபோர்டைத் தொடக் கூடாது."

"பெல் அடிச்சாத்தான் சார் கேண்டிடேட். இப்ப இவங்க சும்மா உக்காந்திருக்கிற ஜனம்."

"பாஸ்வேர்டை இவர்களுக்கெல்லாம் சொல்வீர்களா?"

"கேள்வித்தாள் பெல் அடிச்ச பொறவுதான இறங்கும்? அதுக்கு முன்ன மாத்திருவேன். மாத்தினத உங்க கண்ணால பாருங்க. தப்பாப் போச்சுன்னா என் பேரை எழுதுங்க. என் வேலை போகட்டும்."

தப்புக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் எந்த அதிகாரிக்கும் பாதி நிம்மதி. நகுல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சரி என்று கையைக் காட்டினார்.

மேடையில் வெள்ளைப் பலகை இருந்தது. கோகிலவாணி கடவுச்சொல்லை ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதினாள். முதலில் தன் பெயர் வருவதைப் பார்த்துக் காசிராஜன் நெஞ்சை நிமிர்த்தினார். பெயருக்குப் பின்னால் 'கஞ்சன்' என்று வந்தது, அப்புறம் ஓர் ஆச்சரியக்குறி. தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் மரியாதையாகக் காப்பி அடித்தார்கள்.

"இது எத்தன நாளா?" என்றார் காசிராஜன் மெதுவாக.

"சேந்த நாள்லேருந்து. யாரும் கண்டுபிடிக்கல பாத்தியளா?"

காசிராஜன் மைக்கை நீட்டினார். அவள் வாங்கவில்லை. தாராவியில் அவள் சந்தில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். எல்லா வீட்டு மோட்டாரும் ஒன்றாக ஓடினால் யாருக்கும் வராது. எந்த வீடு போடணும், எந்த வீடு நிறுத்தணும் என்று முனையில் நின்று கூவுவது அவள் வேலை. இந்த மண்டபத்துப் பழைய வயரிங்கும் அப்படித்தான். எல்லா மெஷினும் ஒன்றாக எழுந்தால் ஃபியூஸ் போய்விடும்.

"எல்லாரும் கையைத் தூக்குங்க! நான் சொல்லாம ஒரு விரல் கீழ வரக் கூடாது. மொத வரிசை மட்டும்!"

இந்தியில் கூவினாள், தமிழில் கூவினாள், மராட்டியில் கூவினாள். முதல் வரிசை விரல்கள் ஒன்றாக இறங்கின. பிறகு இரண்டாவது. முந்திக்கொண்ட ஒருவனை அங்கிருந்தே பிடித்தாள்: "கடைசி வரிசை செவப்புச் சட்ட! ஒன் வீட்டுத் தண்ணியா போவுது? கைய எடு!" தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குக் காட்டிக் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்களாகப் போகிறவர்கள் அவர்கள் என்பது அப்போது யாருக்கும் நினைவில்லை. நகுல்கூட ஒரு பெரியவருக்கு எந்த பட்டன் என்று விரலால் காட்டினார். காட்டிவிட்டு விரலை மடக்கிக்கொண்டார்.

நீலம் வரிசை வரிசையாக விலகியது. காசிராஜனுக்குக் கை தானாகக் கூப்பிக்கொண்டது. இந்த மண்டபத்தில் எத்தனையோ பேர் கூடியிருக்கிறார்கள். எல்லாரும் ஒரே வேலையைச் செய்து அவர் பார்த்ததில்லை, சாப்பாட்டைத் தவிர. யாரைக் கும்பிடுகிறோம் என்று விளங்காததால், கையைப் பிரித்து மூக்கைச் சொறிந்துகொண்டார்.

கடைசி மெஷினும் எழுந்தது. கோகிலவாணி சர்வர் முன் உட்கார்ந்து ஏதோ தட்டினாள். பழைய கடவுச்சொல்லை நகுலே தன் கையால் நாலைந்து மெஷின்களில் போட்டுப் பார்த்தார். ஒன்றும் திறக்கவில்லை. பேனாவை மூடினார். பெல் அடித்தார். ஜான்சி முதுகுக்குப் பின்னால் துப்பட்டாவைச் சுருட்டி வைத்துக்கொண்டு முதல் கேள்வியைப் படித்தாள்.

விஷயம் அறிந்த வாரியம் விளக்கம் கேட்டது. காசிராஜன் இந்தத் தடவை ஆடிட்டரிடம் போகவில்லை. தானே சொல்லச் சொல்ல, கோகிலவாணியை விட்டே எழுதவைத்தார்: "எங்கள் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல்லைப் பலகையில் எழுதினார். நூற்றெண்பது பேர் தங்கள் மெஷினைத் தாங்களே சரிசெய்தார்கள். அவர் கடவுச்சொல்லை மாற்றினார். பரீட்சை நேரத்துக்குத் தொடங்கியது."