எதிர்வீட்டில் வைத்த பெட்டி

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் நடந்தது இது, பிள்ளைகளே. எனக்கு மரவேலை. கல்யாணமான புதிது. ஊரில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மலேயா போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலைமை. ஈப்போவில் தச்சுப்பட்டறையில் இருந்த என் மனைவியின் அண்ணன், அங்கே எனக்கும் வேலை பேசிவிட்டதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

கப்பலுக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் பயணம் கிளம்ப நல்ல நாள் முன்னாலேயே வந்துவிட்டது. அப்படி வந்தால், கொண்டுபோகிற சாமானில் ஒன்றை அந்த நேரத்தில் வேறு வீட்டில் வைத்துவிடுவோம். பரஸ்தானம் என்று பெயர். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். உளியும் இழைப்புளியும் இருந்த என் பெட்டியை எதிர்வீட்டில் வைத்தேன்.

மறுவாரம் வாசலில் குதிரை வண்டி ஒன்று நின்றது. இறங்கியவர் மச்சான்!

"என்ன மச்சான், கூப்பிட்டுப் போக நேர்லயே வந்துட்டீகளா?"

"கூப்பிட வரல மாப்ளே. என்னையவே போகச் சொல்லிட்டாக."

குடியுரிமை இல்லாதவர்கள் அங்கே வேலை பார்க்க இனி பெர்மிட் வேண்டும் என்று அந்த அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. மச்சானுக்கு அது கிடைக்கவில்லை. குடியுரிமை சுலபமாகக் கிடைத்த காலத்தில் அவர் கேட்கவுமில்லை.

"எப்படியும் ஊருக்குத்தானே திரும்பப் போறோம், நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்" என்றார்.

ஊர்மேல் வைத்த பிரியமே அவர் வேலையைப் பறித்துவிட்டது. என் பயணமும் அதோடு நின்றது.

பெட்டியை எடுத்துவரக் கிளம்பினேன். மனைவி மறித்தாள்.

"பயணம் போகாம அது நம்ம வாசப்படி ஏறக்கூடாது. எங்குட்டாச்சும் போயிட்டு வாங்க."

"கப்பல் இல்லாட்டி பஸ்ஸு! கிளம்பு மாப்ளே" என்று மச்சான் சிரித்தார். வந்து இறங்கிய பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

சிங்கம்புணரி பஸ்தான் முதலில் வந்தது. எதிர்வீட்டிலிருந்து எடுத்த பெட்டியோடு ஏறினோம். அங்கே சந்தைப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் பெட்டியையே பார்த்தார்.

"ஆசாரிகளா? அரிசி மில்லுக்குக் கூரை போடணும். என்னைக்கு வாரீக?"

"வந்துட்டோமே!" என்றார் மச்சான்.

அந்தக் கூரையைப் பார்த்து அடுத்த வேலை வந்தது, அப்புறம் இன்னொன்று. இரண்டு குடும்பமும் அதில்தான் பிழைத்தது. ஆனாலும் மழை பெய்தால் மச்சான் வேலையை நிறுத்திவிட்டு, "ஈப்போல இந்நேரம் கொட்டும்" என்பார்.

இன்றைக்கும், ஏதோ ஒரு நாட்டில் வெளியாட்களுக்குப் புதுச் சட்டம் என்று பேப்பரில் படித்தால், இங்கே எந்தத் தெருவில் யாருடைய பெட்டி எதிர்வீட்டில் காத்திருக்கிறதோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.