வியாழக்கிழமைக் காதுவலி

அன்ரனீற்றாவைப் பள்ளிக்கூட நிர்வாக சபைக்கு அனுப்பியது நாங்கள்தான். அவர் அதிகம் வாய் திறக்கமாட்டார், சொன்ன இடத்தில் கையை உயர்த்துவார் என்று நம்பித்தான் அனுப்பினோம். பிறகு அவரைத் தாறுமாறாகத் திட்டியதும் நாங்கள்தான்.

1995இல் நாங்கள், ஊர்விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லோரும், ஓக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டன் பக்கம் வாடகை வீடுகளில் இருந்தோம். பிள்ளைகள் படித்தது அங்கிருந்த பெரிய அரசாங்கப் பள்ளிக்கூடத்தில். சோதனை வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கிற பள்ளிக்கூடம் அல்ல. சுற்றுவட்டாரத்தில் யார் பிள்ளை வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். ஐம்பதுகளில் அரசாங்கம் அந்தப் பக்கம் வரிசை வரிசையாக வீடு கட்டியபோது தொடங்கியது. முதலில் நாலைந்து மரக் கட்டடங்கள்தான். பிறகு மண்டபம், தச்சுப்பட்டறை, சமையல் வகுப்பு, ஜிம் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஜிம்முக்குப் பின்னால் இருந்த நீச்சல் குளம் மட்டும் அரசாங்கம் கட்டியதல்ல. முதல் வருடப் பிள்ளைகளின் பெற்றோர் சனிக்கிழமைகளில் மண்வெட்டியோடு வந்து தாங்களே வெட்டியது. அந்தக் கதையெல்லாம் எங்கள் ஆட்கள் யாருக்கும் தேவைப்படவில்லை. எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: குளம் ஒழுகுகிறது, பள்ளிக்கூடத்தில் ஒழுங்கான கொம்பியூட்டர் அறை இல்லை. இரண்டையும் சரிசெய்யப் பள்ளிக்கூடத்திடம் காசு இல்லை.

இந்த நாட்டில் பள்ளிக்கூடத்தை நடத்துகிற சபைக்குப் பெற்றோரே வாக்குப் போட்டு ஆள் அனுப்பலாம். அதை முதலில் கண்டுபிடித்தவர் சோதிலிங்கம். ஊரில் வங்கி மனேஜராக இருந்தவர். இங்கே எங்கள் சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"நீந்திப்போட்டு ஆருக்கு வேலை கிடைச்சது? படிக்கிற பிள்ளையளுக்குக் குளம் என்னத்துக்கு? அதை மூடிப்போட்டு கொம்பியூட்டர் வாங்கச் சொல்லுவம்" என்றார்.

எல்லோரும் தலையாட்டினோம். யாரை அனுப்புவது என்று வந்தபோது அவரே அன்ரனீற்றாவின் பேரைச் சொன்னார். கோயில்காரரும் சேர்ச்காரரும் ஒன்றுபோல மதிக்கிற மனுசி. அதைவிட இன்னொரு காரணமும் அவரிடம் இருந்தது.

"அவவின்ர தம்பியைக் கடல்தானே கொண்டு போனது. தண்ணியெண்டால் அவவுக்குப் பேயைக் கண்ட மாதிரி. குளத்தை மூட அவவை விட்டால் வேற ஆள் வேணுமோ?"

அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு நாங்கள் ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்தோம்.

அன்ரனீற்றா மன்னார் பேசாலையைச் சேர்ந்தவர். தகப்பன் அங்கே தலைமையாசிரியர். தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கியபோது, எட்டு வயது மகள் றெபேக்காவைக் கணவன் அன்றூவோடு முதல் வள்ளத்தில் ஏற்றிவிட்டு, தம்பி டெஸ்மனோடு அடுத்த வள்ளத்தில் ராமேஸ்வரத்துக்குப் புறப்பட்டார். முதல் வள்ளம் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது கவிழ்ந்தது. இரண்டு வருடம் மண்டபம் அகதி முகாமில் இருந்துவிட்டு ஓக்லாந்துக்கு வந்தார்கள். அன்றூவுக்கு மங்கரேயில் விமான நிலையச் சரக்கு வேலை. இவருக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்திவிட்டு வருவார். ஓக்லாந்தில் எந்தப் பக்கம் போனாலும் கடல் வந்து நிற்கும். பஸ் கடற்கரையோரம் திரும்பினால் அன்ரனீற்றா மற்றப் பக்கம் பார்த்துக்கொள்வார்.

பள்ளிக்கூடத்தில் நீச்சல் பாடம் வியாழக்கிழமை. அன்றைக்குக் காலையில் எங்கள் வீடுகளிலிருந்து வரிசையாகப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போகும். மகளுக்குக் காதுவலி, தண்ணியில் இறங்கக் கூடாது. ஒருவர் காரணம் நீச்சல் உடுப்பு, இன்னொருவர் காரணம் பிள்ளை கறுத்துப்போகும், வேறொருவருக்கு சளி பிடித்தால் படிப்புக் கெடும். அன்ரனீற்றாவின் காரணம் மட்டும் வேறு. ஆனால் சொன்னது அதே காதுவலிதான்.

"ஐ ஆம் நொட் சிக், மம்" என்று பதின்மூன்று வயது றெபேக்கா பக்கத்தில் நின்று கத்துவாளாம். அன்ரனீற்றா போன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "சத்தம் போடாதை" என்பாராம்.

நவம்பர் மாதம், ஒரு பின்னேரம் பள்ளிக்கூட நூலகத்தில் கூட்டம். குளத்தைத் திருத்துவதா மூடுவதா என்று அன்றைக்கே முடிவு எடுக்கவேண்டும். இங்கே கோடை டிசம்பரில்தான்; மூடுவதென்றால் அந்த விடுமுறையில் மண் லொறிகள் வந்துவிடும். மற்ற உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அன்ரனீற்றாவின் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் முடிவு. நாங்கள் பின்வரிசை முழுவதையும் நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பார்க்க வருகிறவர்களுக்குப் பேச அனுமதி இல்லை, ஆனால் முறைக்கலாம் அல்லவா? அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. வேலை உடுப்போடு நேரே வந்திருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

விளையாட்டு ஆசிரியை குளத்துக்காக மன்றாடினார். சபைத் தலைவர் ஒரு பிளம்பர், நல்ல மனிதர், ஆனால் ஒழுகுகிற குளத்தோடு மாரடித்துக் களைத்துப்போயிருந்தார். அவர் எழுந்து, குளத்தை யார் பாவிக்கிறார்கள் என்று கேட்டார். வியாழக்கிழமைகளில் போய்ப் பார்த்தாராம். ஒரு வகுப்பில் பெண்பிள்ளைகள் பாதிப்பேர் வேலியோரம் உட்கார்ந்திருக்கிறார்களாம். எல்லோருக்கும் காதுவலியாம், சிலருக்கு வருடம் முழுக்கக் காதுவலியாம். "பிள்ளைகளே இறங்காத குளத்தை யாருக்காகத் திருத்தச் சொல்கிறீர்கள்?" என்றார்.

சோதிலிங்கம் என் தொடையில் தட்டினார். நாங்கள் சொன்ன பொய் எங்களுக்காகவே வாதாடிக்கொண்டிருந்தது. வாக்கெடுப்புக்குப் போகலாமா என்று தலைவர் கேட்டபோது அன்ரனீற்றா எழுந்து நின்றார்.

அவருடைய ஆங்கிலம் சின்னச் சின்ன வசனம். ஒவ்வொன்றாகத்தான் வந்தது. அந்தக் காதுவலி பொய் என்றார். என் மகளுக்கு ஒரு வலியும் இல்லை, போன் எடுத்தது நான் என்றார். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"எங்கள் ஊரில் மீனவர் வீட்டுப் பொடியன்கள் எல்லோருக்கும் நீந்தத் தெரியும். என் தம்பிக்குத் தெரியாது. படிக்கிற பிள்ளைக்குக் கடல் எதற்கு என்று அப்பா அவனைக் கரைக்கே விடவில்லை. வள்ளம் கவிழ்ந்த இடத்திலிருந்து மணல்திட்டு கண்ணுக்குத் தெரிந்தது. வள்ளக்காரப் பொடியன்கள் நீந்திப் போய் ஏறிவிட்டார்கள். ஒருவன் என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். டெஸ்மனைத் தேடித் திரும்பி வந்தபோது அவனைக் காணவில்லை."

தலைவர் தண்ணீர்க் கிளாசை அவர் பக்கம் தள்ளினார். அவர் தொடவில்லை.

"பரீட்சைச் சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தான். உடல் கரை ஒதுங்கியபோது அவிழ்த்துப் பார்த்தோம். சான்றிதழ் நனையவில்லை."

பிறகு உட்கார்ந்துவிட்டார். மூடுவதற்கு ஆதரவானவர்கள் கையை உயர்த்தச் சொன்னார்கள். அன்ரனீற்றாவின் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்தபடி இருந்தன. சோதிலிங்கம் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். திருத்துவதற்கு என்று கேட்டபோது அவருடைய வலது கை எழுந்தது. நன்றாக உயர்ந்திருந்தது. குளம் தப்பியது.

கார் நிறுத்துமிடத்தில் சோதிலிங்கம் அவரை மறித்தார்.

"இதுக்கோ உம்மை அனுப்பினனாங்கள்? உம்மட தம்பியைத் தண்ணிதானே கொண்டு போனது?"

"தண்ணி இல்லை அண்ணை" என்றார் அன்ரனீற்றா. "எங்கட அப்பா சொன்ன கதைதான் கொண்டு போனது. இப்ப நீங்கள் சொல்லுறதும் அதே கதைதான்."

சோதிலிங்கம் அதன்பிறகு அவரோடு கதைக்கவில்லை. நிகழ்ச்சிகளுக்குச் சொல்லி அனுப்புவதையும் சங்கம் நிறுத்திக்கொண்டது. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவுமில்லை, நில்லுங்கள் என்று கேட்க எங்களுக்கு முகமுமில்லை.

அந்த வருடம் பள்ளி விடுமுறைக்கு முந்திய வியாழக்கிழமை, நான் அந்தத் தெருவில் பார்சல் கொடுக்கப் போனேன். குளத்து வேலிக்கு வெளியே அன்ரனீற்றா நின்றார். வேலை உடுப்புத்தான். விரல்கள் கம்பி வலைக்குள் மாட்டியிருந்தன. உள்ளே றெபேக்கா, அந்த மாதம்தான் நீந்தப் பழகத் தொடங்கியவள், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகக் கிளம்பினாள். நடுவில் தலை ஒருமுறை தாழ்ந்தது. ஆசிரியை குனிந்து பார்த்தார். தலை மேலே வந்தது, கைகள் மறுபடி அடித்தன.

அன்ரனீற்றாவின் விரல் நுனிகள் வெள்ளையாகிப் போயிருந்தன. கம்பி வெட்டிவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"பிள்ளை வடிவா நீந்துறாள், அன்ரனீற்றா. கையை எடுங்கோ" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"பொறுங்கோ" என்றார். "இன்னும் கரைக்கு வரேல்லை."