ஆயா வீட்டுப் பிள்ளை

அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் பிறந்து, இன்று வக்கீலாகவும் டாக்டராகவும் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற பலரை முதன்முதலில் ஒழுங்காக வெளிக்கு உட்கார வைத்தவள் சாலம்மாள். இதை அவர்கள் எந்த மேடையிலும் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன். எனக்கு வெட்கம் குறைவு.

தெருக்கோடியில் ஓட்டுக் கட்டடத்தில் ஒரு சிறுபிள்ளைப் பள்ளி இருந்தது. அப்பன் தறிக்குழியில் இறங்கி நெய்வான், அம்மா பக்கத்தில் ராட்டை சுற்றுவாள்; நடுவே தவழ்ந்து நூலைச் சிக்கலாக்குகிற உருப்படிகளை அங்கே கொண்டுவந்து தள்ளிவிடுவார்கள். பெரும்பாலும் தறிக்காரர் பிள்ளைகள், மொத்தம் இருபது பேர். அங்கே ஆயா வேலை சாலம்மாளுக்கு. ஒரு பிள்ளை விளையாட்டை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்து யோசனையில் ஆழ்ந்தால் போதும், மறு நிமிஷம் அது கொல்லையில் இருக்கும். சாலம்மாள் மண்ணில் கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் சற்று விலக்கி வைத்து, அதன்மேல் பிள்ளையை உட்கார வைத்து, "ம்ம்ம், சாமி, ம்ம்ம்" என்பாள். எங்கள் தெருவில் எல்லா அம்மாக்களும் இப்படித்தான் செய்தார்கள். ஆனால் சாலம்மாளின் பாதத்துக்கு ராசி அதிகம் என்று பேச்சு.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் ஜெபமலர் டீச்சர் தலைமையாசிரியையாக வந்து சேர்ந்தார். பட்டணத்தில் புதுமுறைப் பயிற்சி எடுத்தவர். கூடவே நீலக்கரை போட்ட வெள்ளை எனாமல் சட்டிகள் ஆறு வந்தன.

"இதுல கொழம்பு வெக்கலாமுங்க, டீச்சரம்மா," என்றாள் சாலம்மாள், சட்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே.

டீச்சர் சிரிக்கவில்லை. "கால்ல உட்கார வைக்கிற பழக்கம் இனி இங்கே வேண்டாம், சாலம்மா. பிள்ளை வாயைத் திறந்து சொல்லணும். தானே போய்ச் சட்டியில உட்காரணும்."

சாலம்மாள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு மாதத்தில் இருபது பேரையும் சட்டிக்குக் கொண்டுவந்துவிட்டாள். அதற்குப் பிறகு டீச்சருக்கு அவள்மேல் மதிப்பு வந்தது; அதோடு ஒரு சட்டமும் வந்தது. புதிதாக வரும் பிள்ளைக்கு மூன்று நாள் சோதனை. அந்த மூன்று நாளில் ஒருதரமாவது "ஆய் வருது" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாத பிள்ளை அடுத்த வருஷம் வரலாம்.

இந்தச் சட்டம் யார் தலையில் விடியும் என்று டீச்சர் யோசித்திருக்க மாட்டார். சாலம்மாளின் தலையிலேயே விடிந்தது. அவள் மகன் குழந்தைவேலுக்கு அப்போது மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் வேலைக்குப் போகும்போது அவனைப் பார்த்துக்கொண்டவள் அவளுடைய நாத்தனார் அத்தாயி. அத்தாயிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஆவணிக் கடைசியில் அவள் வாழப்பாடிக்குப் போவதாக முடிவாகிவிட்டது. அதற்குள் பையனைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் சாலம்மாள் வேலையை விட வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து நூல் வரத்தும் நின்றுபோயிருந்தது. இரண்டு மாதமாகத் தெருவில் ஒரு தறி ஓடவில்லை. வீட்டில் அடுப்பு எரிந்தது சாலம்மாளின் வேலையால் மட்டும்தான்.

"ஊரு பிள்ளைக அத்தனையும் உன்ற சொல்லுக்கு ஆடுது. உன்ற மவனுக்கு என்ன கேடு?" என்று புருஷன் அங்கமுத்து கேட்டான்.

கேடு சாதாரணமானதல்ல. குழந்தைவேல் ஒன்றுக்குச் சொல்லிவிட்டு அழகாகப் போவான். இரண்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டான். தறிகள் நின்ற வாரத்திலிருந்து இதே கதை. நாலு நாளைக்கு ஒருமுறை, அதுவும் ஊரைக் கூட்டி அழுதுவிட்டுத்தான். விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் கொடுத்தார்கள். எண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பு வைத்தியமும் நடந்தது. சாலம்மாள் காலை நீட்டிப் பாதத்தில் உட்கார வைத்தாலும், அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்து ஓடினான். தெருவுக்கே ராசியான பாதம் சொந்தப் பிள்ளையிடம் தோற்றுப்போனதில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மர்மம் தற்செயலாக விடுபட்டது. ஒரு காலையில் அங்கமுத்து சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் தறிக்குழியில் இறங்கினான். நூலில்லாத வெறுந்தறியில் மிதியை மிதித்து, கயிற்றை இழுத்து நாடாவை ஓடவிட்டுப் பார்த்தான். சடக், சடக், சடக். வாசலில் மண்ணளைந்துகொண்டிருந்த குழந்தைவேல் நிமிர்ந்தான், நேரே சாக்கடை ஓரம் ஓடினான், உட்கார்ந்தான், வேலையை முடித்தான்.

அத்தாயி வாயில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணா, இன்னொருக்கா ஆட்டு!"

மறுநாளும் ஆட்டினான், மறுநாளும் பலித்தது. அப்போதுதான் சாலம்மாளுக்கு விளங்கியது. விடியற்காலையில் ஆண்கள் தறியில் இறங்கிய பிறகுதான் தெருவில் பெண்களுக்குக் கொஞ்சம் கை ஒழியும். அந்த நேரம்தான் பிள்ளையைப் பாதத்தில் உட்கார வைக்கும் நேரம். பிறந்ததிலிருந்து தறி தொடங்குகிற சத்தமும் வயிறு இளகுவதும் பையனுக்கு ஒன்றாகவே வந்து பழகிவிட்டன. அதன்பின் தறி நாளெல்லாம் ஓடினாலும் அவனுக்குக் கவலையில்லை. நிசப்தத்திலிருந்து தொடங்கும் அந்த முதல் சடக்குதான் கணக்கு.

அன்றிலிருந்து அங்கமுத்துவுக்குக் காலையில் ஒரு வேலை கிடைத்தது. நூலில்லாத தறியில் உட்கார்ந்து கால் மணி நேரம் ஓட்டுவான். யாராவது எட்டிப் பார்த்துக் கேட்டால், "நெய்யறக்குத்தான் நூலில்ல. என்ற மவன் வெளிக்கிருக்கறக்காச்சும் தறி ஓடட்டும்," என்பான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அந்தக் கால் மணி நேரம் முடிந்து குழியைவிட்டு ஏறும்போது அவன் முகத்தைப் பார்க்கச் சாலம்மாளுக்குத் தெம்பு இருக்காது.

ஆவணியில் ஒருவழியாக நெசவாளர் சங்கத்துக்கு நூல் வந்தது. தெருவெல்லாம் நீள இழைகளை இழுத்துப் பாவு ஓட்டினார்கள். நீண்ட நாள் நின்ற தறிகளாயிற்றே என்று பெரியவர்கள் கூடிப் பேசி, புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நல்ல நேரம் குறித்தார்கள். பூசை போட்டு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் தறியில் இறங்குவதாகத் தீர்மானம். டீச்சர் குழந்தைவேலுக்குச் சோதனை வைத்ததும் அதே வாரம்தான், திங்கள் முதல் புதன் வரை.

ஞாயிற்றுக்கிழமையே அங்கமுத்து தறியில் புதுப் பாவின் இழைகளைப் பிணைக்க உட்கார்ந்துவிட்டான். பிணைக்கிற தறியை ஆட்டினால் இழை அறுந்துபோகும். ஆகவே பையனுக்குக் காலைச் சத்தம் இல்லை. வயிறு மறுபடி பூட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை குழந்தைவேல் பள்ளியில் சமர்த்தாகப் பாடினான், சாப்பிட்டான், தூங்கினான். சட்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாலம்மாள் விளையாட்டுப் பெட்டியிலிருந்து இரண்டு மரக்கட்டைகளை எடுத்து, அவனைக் கொல்லையில் உட்கார வைத்து, தறி மாதிரியே தட்டினாள். டக், டக், டக். அவன் கட்டையைக் கேட்டு அழுதான். பக்கத்து வீட்டு வேலுமணியின் மகள் ஆராயிதான், வகுப்பிலிருந்து அவசரமாக ஓடிவந்து காலியாக இருந்த சட்டியில் உட்கார்ந்தாள்.

டீச்சர் கட்டைகளை வாங்கிப் பெட்டியில் போட்டார். "உன் பிள்ளைக்காக நான் சட்டத்தை மாத்த முடியாது, சாலம்மா. நாளைக்கு ஒரு நாள் இருக்கு."

"சரிங்க, டீச்சரம்மா," என்றாள் சாலம்மாள்.

புதன்கிழமை காலை. பிள்ளைகள் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் காக்கா, நரி படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். சாலம்மாள் கதவோரம் நின்று மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று தறியில் இறங்கும் நாள் என்பது அவளுக்குத் தெரியும். காலையில் தறிக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தவளே அவள்தான். ஆனால் கவலையில் அவளுக்கு இதையும் அதையும் முடிச்சுப்போடத் தோன்றவில்லை. அவளுக்கு மட்டுமல்ல, கூடி உட்கார்ந்து நேரம் குறித்த பெரியவர்களில் ஒருவருக்கும் பிள்ளைகளின் வயிறு ஞாபகத்துக்கு வரவில்லை.

ஒன்பதரைக்கு ஒரு தறி ஓடியது. அடுத்து இரண்டு, பத்து, பிறகு தெரு முழுவதும். சடக் சடக் என்று கூரை ஓடு அதிர்ந்தது.

குழந்தைவேல் துள்ளி எழுந்தான். "தறி! அம்மா, ஆய் வருது!" என்று கட்டடம் அதிரக் கத்தினான். சாலம்மாள் பாய்ந்து அவனைத் தூக்கிக் கொல்லைச் சட்டியில் வைத்தாள். மூன்று நாள் சமாச்சாரம், சொல்ல வேண்டியதில்லை. நிம்மதியில் அவள் கண் நிறைந்துவிட்டது.

உள்ளேயிருந்து டீச்சரின் குரல் கேட்டது. "சாலம்மா! ஓடி வா!"

ஓடிவந்து பார்த்தால் பாயில் பதினாலு பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே குந்தியிருந்தார்கள். எல்லாம் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அத்தனை முகத்திலும் ஆழ்ந்த யோசனை. அந்தப் பதினாலில் நானும் ஒருவன் என்று என் அம்மா கடைசிவரை சாதித்தாள். நான் ஒப்புக்கொண்டதில்லை.

"என்ன இது? எல்லாருக்கும் என்ன ஆச்சு?" டீச்சர் கையில் நரிப் படத்தோடு நாற்காலியின் மேல் நின்றிருந்தார்.

"தறிங்க, டீச்சரம்மா. நூல் வந்துருச்சுங்க. எல்லாத் தறியும் ஓடுதுங்க," என்றாள் சாலம்மாள். சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. விடிகாலை வழக்கத்தையும், அங்கமுத்து வெறுந்தறி ஓட்டியதையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

டீச்சர் நாற்காலியைவிட்டு இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனார். பதினாலு பேரையும் கழுவி, பாயையும் கழுவிக் காயப்போடப் பதினோரு மணியாயிற்று. அப்புறம் மேசைக்கு வந்து பதிவேட்டைத் திறந்தார்.

"என் சட்டப்படி சட்டிக்குப் பழகின பிள்ளைங்க பதினாலு பேரும் பாயில இருந்தாங்க. இன்னும் பேரே எழுதாத ஒருத்தன் மட்டும்தான் வாயைத் திறந்து சொன்னான்," என்றார். அந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் சாலம்மாள் பார்த்தாள். "அப்பா பேர் அங்கமுத்துதானே?"

மத்தியான மணி அடித்ததும் சாலம்மாள் மகனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அங்கமுத்து குழியில் இருந்தான். முதுகெல்லாம் வேர்வை. பாவில் ஒரு சாண் துணி ஏறியிருந்தது.

"ஏனுங்க, பையன் பேர எழுதிட்டாங்க!"

சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. "என்ன? இரு, இரு, நிறுத்தறேன்," என்று மிதியிலிருந்து காலை எடுக்கப் போனான்.

"வேண்டாங்க!" என்று கத்தினாள் சாலம்மாள். "நிறுத்தாதீங்க. நிறுத்திட்டு மறுபடி ஆட்டினா, இவன் என்ற இடுப்புலயே வெளிக்கிருந்துருவானுங்க. பொழுதுவுழுந்ததும் சொல்றனுங்க."