மீன் வாங்கிப் பிரான்சு போக நினைத்தேன்

மெஸ் நடத்துகிறவர்களுக்குப் பதினொரு மணிக்கு ஒரு பயம், சோறு மிஞ்சிவிடுமோ என்று. ஒரு மணிக்கு இன்னொரு பயம், பத்தாமல் போய்விடுமோ என்று. கிரெடிட் கார்டு வாங்கிய பிறகு எனக்கு மூன்றாவதாகவும் ஒரு பயம் வந்து சேர்ந்தது. சின்னதாகக் கடை வைத்து அல்லாடும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

விமானப் படம்

கதிர்காமத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எங்கள் மெஸ். பேங்கிலிருந்து ஒரு பெண் வந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் மூன்று கார்டு விளம்பரங்களைப் பரப்பினாள். ஒன்றில் செலவழித்ததில் கொஞ்சம் பணமாகவே திரும்பி வரும். இன்னொன்றில் கடைகளில் தள்ளுபடி. மூன்றாவதில் பாயிண்ட் சேர்த்தால் விமான டிக்கெட். "பணமா வர்றதையே வாங்கு" என்றார் என் வீட்டுக்காரர். என் கண் விமானப் படத்தை விட்டு நகரவில்லை.

என் மகள் கவிதா பிரான்சில் முழுகாமல் இருந்தாள். மாமியார் இல்லாத வீடு. தலைப்பிரசவத்துக்கு நான் போயாக வேண்டும். கையில் இருந்ததையெல்லாம் அப்போதுதான் புதுப் பாய்லரில் போட்டிருந்தோம். விமானக் கார்டுக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீ எந்தக் கார்டும்மா வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்க பேங்க்ல கார்டே குடுக்கல மேடம்."

தேய்க்க இடமில்லை

கார்டு வந்துவிட்டது, தேய்க்கத்தான் இடமில்லை. காய்கறிக் கடையில் மெஷினே கிடையாது. அரிசிக் கடை பாய் பல வருஷப் பழக்கம், கார்டைக் கண்டதும் அவர் முகமே மாறிவிட்டது. தேய்த்தால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் கூடத் தரணும் என்றார். பெண்ணைப் பார்க்கப் போகத்தான் பாயிண்ட் சேர்க்கிறேன் என்று கெஞ்சியும் பார்த்தேன்.

"பாயிண்ட்டு உங்களுக்கு, கமிஷன் எனக்கா? நல்லாருக்குக்கா நியாயம்!"

திங்கட்கிழமையும் மீன்

வைத்திக்குப்பத்தில் எனக்கு வாடிக்கையாக மீன் தருபவள் அஞ்சலை. அவள் மட்டும் பிளாஸ்டிக் கவருக்குள் சுற்றி வைத்திருந்த மெஷினை எடுத்து நீட்டி, மேலே ஒரு பைசா வேண்டாம் என்றாள். அவளைக் கும்பிடத் தோன்றியது. அன்றிலிருந்து மெஸ்ஸில் தினமும் மீன். தெரிந்த கேட்டரிங்காரர்களுக்கும் நானே மீன் வாங்கிக் கொடுத்து, என் கார்டைத் தேய்த்து, அவர்கள் தந்த பணத்தில் பில் கட்டினேன். மாதங்கள் ஓடின. பாயிண்ட் எவ்வளவு ஆயிற்று என்று மட்டும் பார்க்கவில்லை. சேருகிற பொருளை எண்ணினால் கண் பட்டுவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். பேரக் குழந்தைக்குத் துணி எடுப்பதற்கே பயந்தவள் நான்.

ஒரு திங்கட்கிழமை சங்கரா மீன் குழம்பை ஊற்றப் போனபோது, எங்களிடம் சாப்பிடும் மருத்துவக் கல்லூரிப் பிள்ளை ஒருவன் இலையைக் கையால் மறைத்தான்.

"ஆன்ட்டி, கடல்ல கொஞ்சம் மிச்சம் வைங்க."

வண்டியில்லாத பெட்ரோல்

விசா வந்த அன்றே கவிதாவின் போனும் வந்தது. "அம்மா, பிரஷர் ஏறுதாம். தேதிக்கு முன்னாடியே எடுத்துடலாம்னு சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்குமா, நீ எப்ப வர்ற?" நாளைக்கே கிளம்புறேன் என்று சொல்லிவிட்டுப் பாயிண்ட்டைத் திறந்து பார்த்தேன். சென்னைக்குப் பஸ் டிக்கெட்கூட வராது போலிருந்தது. கார்டு கம்பெனிக்குப் போன் போட்டேன். நான் செலவழித்ததெல்லாம் பெட்ரோல் கணக்கில் இருக்கிறதாம், பெட்ரோலுக்குப் பாயிண்ட் கிடையாதாம். எங்களிடம் ஒரு சைக்கிள்கூடக் கிடையாது என்று கத்தினேன்.

"அப்ப இவ்ளோ பெட்ரோலையும் எங்க மேடம் ஊத்துனீங்க?"

மெஷின் யாருடையது

ஆட்டோ பிடித்து வைத்திக்குப்பம் ஓடினேன். கார்டு தேய்க்கும்போதெல்லாம் எனக்கு வரும் எஸ்.எம்.எஸ்.ஸில் அஞ்சலையின் மாமனார் பெயரில் ஒரு ஏஜென்சி இருக்கும். மீன் ஏஜென்சி என்றே நினைத்திருந்தேன். அது அவள் புருஷனின் அண்ணன் நடத்தும் பெட்ரோல் பங்க். அங்கே சும்மா கிடந்த மெஷினைத்தான் தம்பி குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறார். அஞ்சலையை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு, படகு நிழலில் உட்கார்ந்து அழுதேன். அவள் பாவம், கழுவாத கையோடு என் பக்கத்தில் நின்றாள்.

"நான் வித்தது மீனுதானக்கா, மெஷினு யாருதா இருந்தா என்ன?"

கார்டு எதற்கு

வீட்டுக்குத் திரும்பினேன். அங்கே என் பெண் தனியாக ஆஸ்பத்திரியில், இங்கே நான் மீன் நாற்றத்தோடு ஆட்டோவில். அன்றைக்கே சொன்னேனே என்று வீட்டுக்காரர் ஆரம்பிப்பார் என்று பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அடுப்பை அணைத்தார். என் கார்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டி, மறுநாள் விமானத்துக்கு மாதத் தவணையில் டிக்கெட் எடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை.

"பாயிண்ட்டு போனா போவுது, கடன் வாங்கத்தானே கார்டு, போய்ட்டு வா."

நான் வந்து இறங்கிய மறுநாள் பிறந்த பேத்தி இதோ என் மடியில் தூங்குகிறாள், அந்த டிக்கெட்டுக்கு மட்டும் பாயிண்ட் முழுசாக விழுந்துவிட்டதாம், அதைக் கொடுத்தால் ஒரு பிளாஸ்க் தருவார்களாம்.