இடது முன்சக்கரத்துச் சூடு

பெரியப்பாவின் பிக்கப் வண்டியைப் பற்றி இன்றைக்கும் யாராவது பேச்செடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டி மேல் கோபமில்லை. அது பாவம், வாயில்லாதது. அதைச் சுற்றி வாயுள்ளவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், அவர்கள் மேல்தான் கோபம்.

எங்கள் வீடு ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கம். பெரியப்பா தோட்டம் தோட்டமாகப் போய் தக்காளியும் முருங்கையும் வாங்கி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவருடைய தம்பியான என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வகுப்பில் அவர் ஒரு அதட்டுப் போட்டால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அடங்கும் என்பார்கள். அண்ணன் முன்னால் மட்டும் அந்தக் குரல் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. வண்டியை ஓட்டியது என் மாமா, அம்மாவின் தம்பி.

அம்மா சின்னாளபட்டி நெசவுக் குடும்பத்துப் பெண். அப்பாவை விரும்பிக் கட்டிக்கொண்டு, ஞானஸ்நானம் வாங்கி, பேரை மாற்றிக்கொண்டு எங்கள் வேதக்காரக் குடும்பத்துக்குள் வந்தவள். வந்து எத்தனையோ வருஷமான பிறகும் ரசத்தில் உப்பு ஒரு கல் கூடினால் 'அங்கிட்டுப் பழக்கம்' என்று ஒரு சொல் வந்து விழும். மாமாவுக்கு அந்த வண்டிச் சாவி பிழைப்பு. அம்மாவுக்கு அது, தன் ஆள் ஒருத்தன் இந்த வீட்டில் நிமிர்ந்து நடக்கிறான் என்கிற தைரியம்.

வண்டி புதிதாக வந்த அன்றைக்கு சாமியார் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். கண்ணாடியில் செபமாலை தொங்கியது. சாயங்காலம் பார்த்தால் முன் பம்பரில் ஒரு கறுப்புத் திருஷ்டிக் கயிறும் தொங்கியது. யார் கட்டியது என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை. பெரியப்பா லோடு ஏற்றும் ஆட்கள் முன்னாலேயே அதைப் பிய்த்துக் குப்பையில் எறிந்தார். "சாமி மந்திரிச்ச வண்டியில இந்தக் கருமம் எதுக்கு? இன்னொரு தரம் என் கண்ணுல பட்டுச்சு, கட்டுன ஆளும் கயித்தோட சேந்து வெளிய போகணும்" என்றார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா பேப்பரைத் திருப்பினார். அந்தப் பேப்பரைக் கிழித்துப் போட வேண்டும்போல எனக்கு இருந்தது.

அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான் சூடு ஆரம்பித்தது. மார்க்கெட் போய்விட்டு வந்து நின்றால் இடது முன்சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை வரும். பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியாது. தண்ணீரை ஊற்றினால் தோசைக்கல்லில் ஊற்றியதுபோல 'சொய்' என்று ஆவி கிளம்பும். ஓட்டும்போது வண்டி தானாக இடது பக்கம் இழுக்கிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்று மாமா சொல்லிப் பார்த்தார். மெக்கானிக் பிரேக் பேடை மாற்றினார். புதுப் பேடும் கருகியது. கடைசியில் ஒருநாள் நடுவழியில் புகை கிளம்பி வண்டி நின்று, தக்காளி அத்தனையும் வெயிலில் வெந்து வீணாய்ப்போனது.

பெரியப்பாவுக்கு அதற்குமேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. "பிரேக்கு மேல கால வச்சுக்கிட்டே ஓட்டுனா காயாம என்ன செய்யும்? தறிக்குழியில கால ஆட்டுன பரம்பரைதான? மிதிச்சுக்கிட்டே இருந்தாத்தான் இவனுக்குத் தூக்கம் வரும்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தாள். ஒரு மனுஷன் குடும்பத்தையே இழுத்துப் பேசுகிறார், அதற்கு ஒரு சிரிப்பு!

மாமா சண்டை போடவில்லை. பொறுமையாக ஒரு கேள்வி கேட்டார். "பெரிய மச்சான், நான் கால வச்சு ஓட்டுனா ரெண்டு முன்சக்கரமும்ல காயணும்? வலது சக்கரத்தத் தொட்டுப் பாருங்க, சில்லுன்னு இருக்கு. ஒத்தச் சக்கரம் மட்டும் எப்படிக் காயும்?"

நான் ஓடிப்போய் வலது சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். நிஜமாகவே சூடு இல்லை. "ஆமா பெரியப்பா, தொட்டுப் பாருங்க!" என்று கத்தினேன். தொட்டுப் பார்க்க எத்தனை நேரம் ஆகிவிடும்? குனிந்தால் போதும். அவர் குனியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் காரணத்தைக் காட்டு, இல்லாவிட்டால் சாவியை வைத்துவிட்டுக் கிளம்பு என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெரியப்பாவும் அப்பாவும் கோயில் கூட்டத்துக்கு இருந்துகொண்டார்கள். நானும் அம்மாவும் முன்னால் வந்துவிட்டோம். மாமா வேப்பமரத்தடியில் வண்டிக்கு ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைத் தூக்கி வைத்திருந்தார். "வா மருமகளே, ஏறி உக்காந்து நான் சொல்றப்ப மிதி" என்றார். சீட்டின் விளிம்பில் சறுக்கி உட்கார்ந்தால்தான் எனக்குக் கால் எட்டியது.

"இப்ப விட்டாச்சா?"

"விட்டாச்சு மாமா."

காலை எடுத்த பிறகும் சக்கரம் அசையவில்லை. மாமா இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தார், அப்படியே நின்றது. பிறகு சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சின்ன நட்டை லேசாகத் தளர்த்தினார். பிரேக் ஆயில் பீச்சியடித்தது. உடனே சக்கரம் லொடக்கென்று விட்டுக்கொடுத்துச் சுற்றியது.

"பாத்தியா? மிதிச்சா ஆயில் போகுது, விட்டா திரும்பி வர மாட்டேங்குது. வழியில எவனோ கழுத்தப் பிடிச்சிருக்கான்" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக ஒடிக்கச் சொல்லிவிட்டு, ஆயில் போகும் ரப்பர் ஓஸை விரலால் தடவிக்கொண்டே உள்ளே தலையை விட்டார்.

அப்புறம் சத்தத்தையே காணோம். நான் இறங்கிப் போய்ப் பார்த்தபோது மாமா கத்தியால் எதையோ அறுத்து எடுத்து, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பாக இருந்தது. அதில் வெள்ளையாக ஒரு கல் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அதைக் கால்சட்டைப் பைக்குள் திணித்தார்.

"என்ன மாமா அது?"

"அழுக்குத் துணி பாப்பா. போ, போய் மிதி."

மிதித்தேன், விட்டேன். சக்கரம் தடையில்லாமல் சுற்றியது. மடிந்து கிடந்த ஓஸ் நிமிர்ந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். நான் கையைத் தட்டிக்கொண்டு குதித்தேன். மாமா குதிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து பெரியப்பாவும் அப்பாவும் வந்து சேர்ந்தார்கள். சத்தம் கேட்டு அம்மாவும் ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். "என்னலே, கண்டுபிடிச்சுட்டியா?" என்றார் பெரியப்பா. இப்போது மாமா சொல்லப்போகிறார், பெரியப்பா முகம் சுருங்கப்போகிறது, அதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும் என்று நின்றேன்.

மாமா அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார். "ஒண்ணுமில்ல மச்சான். நீங்க சொன்னதுதான். காலுதான்."

"பொய்!" என்று நான் அலறினேன். "ஓஸுல துணி சிக்கியிருந்துச்சு! மாமா எடுத்தாரு, நான் பாத்தேன்!"

"அது நான் வண்டி தொடைக்கிற துணி மச்சான். பாப்பா என்னத்தையோ சொல்லுது."

நான் விடவில்லை. மாமாவின் பையைப் பிடித்து இழுத்தேன். பளாரென்று முதுகில் ஓர் அறை விழுந்தது. அடித்தது அம்மா. "பெரியவுக பேசுறப்ப ஊடால என்னடி வாயி?" என்று சொல்லி என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர். மாமா சாவியைப் பெரியப்பா கையில் கொடுத்தார். அப்பா அன்றைக்கும் பேப்பரைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.

மாமா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்ந்தார். விடிவதற்கு முன்னால் மில் பஸ் ஏறி, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு திரும்பி வரும் வேலை. இங்கே புது டிரைவர் வந்தான். வண்டியில் சூடும் இல்லை, வாடையும் இல்லை. எப்படி இருக்கும்? பெரியப்பா போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "ஆள மாத்துன மறுநாளே சக்கரம் சில்லுன்னு ஆயிருச்சு பாத்தீகளா" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் என் வயிறு எரியும். ஆனால் பெரியப்பாவைவிட அதிகக் கோபம் எனக்கு மாமா மேல்தான். கையில் அத்தாட்சியை வைத்துக்கொண்டு தோற்றுப்போனவர் அவர். கோழை என்று முடிவு கட்டினேன். கிறிஸ்துமஸுக்கு அவர் எனக்குச் சட்டை எடுத்து வந்தபோது போட்டுக்கொள்ள மாட்டேன் என்று மூலையில் எறிந்தேன். அவர் அதை எடுத்து மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கோபத்தைப் பத்திரமாக வளர்த்துக்கொண்டு நானும் வளர்ந்தேன். பெரியப்பாவும் போய்ச் சேர்ந்தார். போன வருஷம் வேலைக்குப் போய்வர ஒரு ஸ்கூட்டி வாங்கினேன். சாமியார் தீர்த்தம் தெளித்தார். ஆட்களெல்லாம் போன பிறகு அம்மா முந்தானையில் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். முட்டி வலியோடு கீழே உட்கார்ந்து முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டாள்.

"என்னம்மா பண்றே?"

"சும்மா இருடி. வெளிய தெரியாமத்தான் கட்டுறேன்."

குனிந்து பார்த்தேன். சின்னாளபட்டியில் சாயம் ஏற்றிய கறுப்புத் தறிநூலை முறுக்கித் திரித்த கயிறு. நடுவில் வெள்ளையாக ஒரு துண்டு படிகாரம். வேப்பமரத்தடியில் மாமா கையில் பார்த்த அதே கறுப்பு, அதே வெள்ளைக் கல்.

"உன் மாமன் வண்டியிலயும் இப்படித்தான் கட்டுனேன்" என்றாள் அம்மா, கை வேலையை நிறுத்தாமல். "பம்பருல கட்டுனா உங்க பெரியப்பா பிச்சுப்புடுவாருன்னு சக்கரத்துக்கு உள்ள, ஒரு ரப்பர் குழாயோட பக்கத்துக் கம்பியையும் சேத்து இறுக்கிக் கட்டிவிட்டேன். ஒரு பயலுக்குத் தெரியாது. அம்புட்டு லோடு அடிச்சானே, ஒரு கீறல் பட்டுருக்குமா அவனுக்கு? எல்லாம் அந்தக் கயிறுதான்."

இத்தனை வருஷக் கோபமும் மொத்தமாகக் கிளம்பி வந்தது. யார் மேல் கொட்டுவது? போய்ச் சேர்ந்தவர் மேலா, இன்றைக்கும் மில்லில் பஞ்சுக்குள் நிற்கிறவர் மேலா, கயிற்றை வைத்துக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்திருக்கிற இவள் மேலா? அன்றைக்கு மாமா வாசலில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தது பயந்துபோய் என்றுதான் நினைத்திருந்தேன். பயம்தான். ஆனால் அது தனக்காகப் பட்ட பயம் இல்லை.

"அந்தப் பிரேக் வயருல மட்டும் கட்டாதம்மா" என்றேன்.

"ஏன்டி?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."