மாப்பிள்ளைக்கு வெட்டிய அடைப்புக்குறி

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன். ஆனாலும் இந்த ஊரில் எந்தப் படித்தவன் வீட்டு வாசலில் நின்றாலும் கண்ணில் படுவது என் எழுத்துதான். பித்தளையில் பெயர்ப்பலகை வெட்டுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்ட என்னை உட்கார வைத்து, இதை இப்படித்தான் வெட்ட வேண்டும் என்று சொன்ன ஒரே மனிதர் என் தங்கையின் கணவர். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அருங்காட்சியகத்தில் நத்தை ஓடுகளை இனம் பிரித்து அடுக்குவது அவர் வேலை. வீட்டில் 'நத்தை மாப்பிள்ளை' என்போம். பேச்சும் நடையும் அதே வேகம். ஒரு மழைக்காலத்தில் ஈரச் சுவரில் ஒட்டியிருந்த மிளகளவு நத்தையைப் பிடித்து வந்தார். இது யாரும் எழுதாத இனம் என்று ஆராய்ந்து, பெயர் வைத்து, அச்சிலும் கொண்டுவந்தார். அதன் பிறகு அந்த நத்தையின் பெயரை முறையாக எழுதுகிறவர்கள், அதன் பின்னாலேயே அவர் பெயரையும் அந்த வருஷத்தையும் எழுதினார்கள். பிள்ளை இல்லாத வீடு. என் தங்கை அந்த நத்தைப் பெருமையைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போவாள்.

நுரையீரல் கெட்டு அவர் படுத்த படுக்கையாகிவிட்ட சமயம். அந்த நத்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போவதாகவும் அதற்குப் பலகை வேண்டுமென்றும் அருங்காட்சியகத்திலிருந்து என் பட்டறைக்கு வாசகம் வந்தது. அதில் அவர் பெயரும் வருஷமும் அடைப்புக்குறிக்குள் இருந்தன.

அதை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டியதும் தங்கை கொதித்துவிட்டாள். "பாத்தியாண்ணே? படுத்துட்டாருன்னதும் ஓரங்கட்டிட்டாங்க. ஜெயில் கம்பி மாதிரி ரெண்டு பக்கமும் வளைச்சிருக்காங்க. நீ அதை வெட்டாத!"

"என் உளி நான் சொன்னாதான் இறங்கும். கவலைய விடு" என்றேன்.

உள்ளே அவர் காதில் விழுந்துவிட்டது. "மச்சான், இங்க வாங்க." மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "நான் அதை வேற ஒரு பேரினத்துல சேத்திருந்தேன். பின்னால ஆராய்ச்சி பண்ற ஒரு அம்மா நத்தைய அறுத்துப் பாத்து, அதோட இடம் இது இல்லன்னு மாத்தினாங்க. அவங்க செஞ்சதுதான் சரி. இடம் மாறினா, முதல்ல பேர் வச்சவனை பிராக்கெட்டுக்குள்ள போடறது முறை."

"எடுத்துட்டா என்ன குடிமுழுகிடும்?"

"நான் முதல்லயே சரியான இடத்துல வச்சேன்னு ஆயிடும். அது பொய், மச்சான்." பிறகு தங்கையைப் பார்த்தார். "உங்க தங்கச்சி என் வீட்டுக்கு வந்துட்டா. அதுக்காகப் பெத்தவர் பேர் போயிடுச்சா?"

"வந்த இடத்தோட லட்சணம்தான் தெரியுமே" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவர் சிரிக்கப் போய் இருமினார்.

வெட்டினேன். நகக்கீற்று போல இரண்டு வளைவுகள். அவ்வளவு சுத்தமாக வெட்ட இன்னொருவன் பிறந்து வரவேண்டும். அவர் கையில் கொடுத்தேன். பள்ளத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்து "ம்" என்றார். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

பலகை மாட்டும் நாளில் தங்கையை அழைத்துப் போனேன். அங்கிருந்த ஆள் திருகாணியை முடுக்கிவிட்டு நகர்ந்தான். அவள் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். பெட்டியின் மரச்சட்டம் பலகையின் ஓரத்தை மறைத்திருந்தது.

"கழட்டி, கொஞ்சம் தள்ளி மாட்டுப்பா" என்றாள். "அவரோட பிராக்கெட் மறையுது."