நட்சத்திரம் அளக்க ஒரு திறப்பு விழா

தூரத்தில் தனித்தனியே நிறுத்திய இரண்டு தொலைநோக்கிகளில் ஒரே நட்சத்திரத்தின் ஒளியைப் பிடித்து ஒன்றாகச் சேர்த்தால், வெளிச்சமும் இருளுமாகக் கோடுகள் தோன்றும். அவற்றைக் கொண்டு அந்த நட்சத்திரத்தின் பருமனை அளக்கலாம். ஆனால் ஒரு பக்கத்து ஒளி சற்று முந்தி வந்துவிடும். அதைத் தாமதப்படுத்தத் தண்டவாளத்தில் ஓடும் ஒரு கண்ணாடி வண்டி வேண்டும். வெளிநாட்டு ஆய்வுக்குழு ஒன்றுக்காக அந்த வண்டியை வடிவமைத்தவள் நான். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வெள்ளவத்தையிலுள்ள எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து, கடற்கரை ரயிலின் அதிர்வு இல்லாத இடைவெளிகளில் மேசையளவு மாதிரியை லேசர் ஒளியில் சோதித்துப் பார்ப்பேன்.

எங்கள் பணிப்பாளருக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. விழாக்களைப் பற்றி எல்லாம் தெரியும். மாதிரி வேலை செய்கிறது என்று நான் சொன்ன அன்றே பிரதம விருந்தினரைப் பிடித்துவிட்டார். விழாவன்று காலை போய்ப் பார்த்தால், என் மேசையை ஒட்டி ஆளுயரக் குத்துவிளக்கு நின்றது. சூடான காற்று குறுக்கிட்டால் கோடுகள் கலைந்துவிடும், விளக்கை வெளியே வையுங்கள் என்று கெஞ்சினேன்.

“விளக்கேத்தாமல் ஆர் பிள்ளை திறப்பு விழா வைச்சவை? ஃபோட்டோவிலை ரெண்டும் சேர்ந்து விழவேணும்,” என்றார்.

திரிக்கு ஒருவராக ஏற்றினார்கள். திரையில் கோடுகள் நெளிந்து, மங்கி, வெறும் வெளிச்சமாயின. எனக்கு அழுகை வந்தது. இது என்னவென்று விருந்தினர் சிங்களத்தில் கேட்டார். நட்சத்திரம் என்றார் பணிப்பாளர், கூசாமல். காலை பத்து மணி, யன்னல்களெல்லாம் பூட்டிய அறை. எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் விளக்கை மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டு அளவுகளை எடுத்து முடித்தேன். அறிக்கை வெளிவந்தபோது வடிவமைப்பாளர் என்று பணிப்பாளரின் பெயர். எனக்குத் ‘தட்டச்சு உதவி’. ஏன் என்று கேட்டேன். “சீனியோரிட்டி எண்டு ஒண்டு இருக்கெல்லோ,” என்றார்.

நான் வாதாடவில்லை. வெளிநாட்டுக் குழு காணொளியில் அழைத்தபோது அவரை நடுவில் இருத்திவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. அவர் என் பக்கம் சாய்ந்தார்.

“பிள்ளை, அது எங்கை மட்டும் ஓடும்?”

“எனக்கென்ன தெரியும் சேர், நான் டைப் அடிச்சனான் மட்டும்தானே.”

லைன் சரியில்லை என்று சொல்லிக் கமராவை அணைத்தார். நான் என் மடிக்கணினியின் கமராவைப் போட்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

திருத்திய அறிக்கையில் வடிவமைப்பாளர் நான். அவருக்கு நன்றியுரையில் ஒரு வரி. அதையும் ஃபிரேம் போட்டு அறையில் மாட்டியிருக்கிறார்.